லூயிஸ் ஃபராங்க்

லூயிஸ் ஃபராங்க் (மே 31, 1804 – செப்டம்பர் 15, 1875) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியானோ கலைஞரும் இசையமைப்பாளரும் ஆவார். பாரிசு இசைக்கல்லூரியில் முப்பது ஆண்டுகள் பியானோப் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், அங்கு ஆண் பேராசிரியர்களுக்கு இணையான ஊதியத்தைக் கேட்டுப் பெற்றவர்.

வாழ்க்கை

பாரிசில் சிற்பிகளின் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜான் லூயிஸ் டூமோன். தந்தை ஜாக் எட்ம் டூமோன் ஒரு சிற்பி. பாரிசின் பாஸ்டில் சதுக்கத்துத் தூணின் உச்சியில் நிற்கும் பொன்முலாம் பூசிய சிலை, இவரது தமையன் ஓகுஸ்ட் டூமோன் வடித்தது.

இளம் வயதிலேயே பியானோவில் தேர்ந்த லூயிஸ், பதினைந்தாம் வயதில் அன்டன் ரைக்காவிடம் இசையமைப்புப் பயிலத் தொடங்கினார். அக்காலத்தில் இசைக்கல்லூரியின் இசையமைப்பு வகுப்பில் பெண்களுக்கு இடமில்லாததால் இப்பயிற்சி தனிப்பட்ட முறையிலேயே நடந்தது. 1821 இல் புல்லாங்குழல் கலைஞர் அரிஸ்டீட் ஃபராங்கை மணந்தார். பின்னர் இசைநூல் பதிப்பாளரான அரிஸ்டீட், மனைவியின் படைப்புகளையும் வெளியிட்டார்.

ஊதியக் கோரிக்கை

1842 இல் லூயிஸ் இசைக்கல்லூரியின் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். மாணவியருக்கு மட்டுமே கற்பித்தார். இவரது மாணவியர் பலர் முதற்பரிசு பெற்றும், இவருக்கு ஆண் பேராசிரியர்களை விடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. 1850 இல் ஒன்பது இசைக்கருவிகளுக்கான இவரது ஆக்கம் (நொனெட், ஒப்பஸ் 38) அரங்கேறியது. இளம் வயலின் கலைஞர் யோசப் யோவாக்கிம் அதில் வாசித்தார். அவ்வரங்கேற்றம் பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டில் லூயிஸ் கல்லூரி இயக்குநர் ஓபேருக்கு எழுதி இணை ஊதியம் கோரினார், கோரிக்கை ஏற்கப்பட்டது. எட்டு ஆண்டுகளின் குறை அதன்பின்னரே தீர்ந்தது.

படைப்புகள்

ஆப்பெராவே புகழுக்கு வழியாயிருந்த பாரிசில், இவர் ஒரு ஆப்பெராவும் இயற்றவில்லை. மூன்று சிம்பொனிகள், இரண்டு பியானோ ஐந்திசைகள், அனைத்துச் சுரத்தானங்களிலும் அமைந்த முப்பது பியானோ பயிற்சிகள் (ஒப்பஸ் 26) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. முதல் சிம்பொனி 1845 இல் பிரசெல்சில் அரங்கேறியது. மூன்றாவது சிம்பொனியை 1849 இல் இசைக்கல்லூரியின் கச்சேரிக் கழகம் இசைத்தது. இவரது ரஷ்ய மெட்டு வேறுபாடுகளை ராபர்ட் சூமான் பாராட்டி எழுதினார். அறையிசைக்கான சார்த்தியே பரிசை 1861, 1869 ஆகிய ஆண்டுகளில் பெற்றார்.

பிற்காலம்

பியானோ கலைஞரான ஒரே மகள் விக்டோரின், நெடுநாள் நோயுற்று 1859 இல் இறந்தார். அதன்பின் லூயிஸ் பெரிய ஆக்கம் எதனையும் இயற்றவில்லை. கணவருடன் சேர்ந்து, முந்தைய நூற்றாண்டுகளின் விசைப்பலகை இசையைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டார். 1865 இல் கணவர் மறைந்தபின் அத்தொகுப்பைத் தனியே தொடர்ந்து, இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக நிறைவு செய்தார். 1873 இல் ஓய்வு பெற்ற இவர், 1875 இல் பாரிசில் காலமானார். இவரது சிம்பொனிகள் நூறாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலும் இசைக்கப்படாதிருந்து, 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மீண்டும் ஒலிப்பதிவாகி வருகின்றன.