வேருக்குள் வாழும் உயிர்களும் ஆல்பர்ட் ஹோவர்டும்

தில்லியில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்குப் பூசா என்ற பெயர் பழக்கமானது. பூசா சாலையும் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகமும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் பூசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையைத் துணையாகக் கொண்டு அங்கே 1905-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கட்டடம் சிதைந்தபின், 1936-இல் கழகம் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊரின் பெயரும் உடன் வந்தது. அந்தப் பழைய பூசாவுக்கு 1905-இல் வந்து சேர்ந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்பவரைப் பற்றியே ஈண்டு எழுதுகிறேன். நாம் உண்ணும் காய்கறிச் செடிகளின் உடலுக்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எவை எவை வாழும் என்பதைப் பயிரிடும் முறையும் சேர்ந்தே முடிவு செய்கின்றது. இக்கருத்தை வயலில் நின்று வற்புறுத்தியவர் அவர். அதே கருத்தை எல்லை மீறி நீட்டியவரும் அவரே.

ஹோவர்டு 1873-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றுத் தேர்ந்தார். 1899-இல் பூஞ்சை நோய் வல்லுநராக மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். கரும்பும் கொக்கோவும் நோயுற்றால் அதன் காரணத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்துக் காட்டுவது அவர் வேலை. ஆனால் தாம் உழவனுக்குச் சொல்லும் மருந்தைத் தாமே செய்து பார்க்க ஒரு காணி நிலமும் அவரிடம் இல்லை. அந்தக் குறை அவர் உள்ளத்தை உறுத்தியது. ஆய்வுக்கூடத்திலேயே நாளைக் கழிக்கும் நம் போன்றோர்க்கு இது நன்றாகவே விளங்கும்.

பூசாவில் நிலம் கிடைத்தது. உடன் வந்தவர் அவர் மனைவி கேப்ரியேல். இந்த அம்மையாரை வெறும் துணைவியாராக எண்ணிவிடக் கூடாது. ஒளியும் வெப்பமும் ஒளிச்சேர்க்கையை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்று கேம்பிரிட்ஜில் பிளாக்மனுடன் ஆராய்ந்து பெயர் பெற்றவர். பின்னர் அரசாங்கத் தாவரவியலாளர் பதவியையும் தாமே ஏற்றவர். கணவர் பெயரோடு நின்றுவிட்ட பல ஆய்வுகளில் இவர் உழைப்புப் பாதி. இருவரும் சேர்ந்து உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை வகைகள் வட இந்தியாவில் பெரிதும் பரவின.

பூசாவைச் சுற்றியிருந்த குடியானவர்கள் பூச்சிமருந்தோ செயற்கை உரமோ இன்றி நோயற்ற பயிர் விளைவிப்பதை ஹோவர்டு கண்டார். அவர்களையும் பூச்சிகளையுமே ஆசிரியர்களாகக் கொள்ள முடிவு செய்தார். பயிரைப் பூச்சி தாக்கினால், அந்தப் பயிர் வளர்க்கப்பட்ட முறையில் எங்கோ பிழை உண்டு என்று கொண்டார். தம் எருதுகளுக்கும் தம் நிலத்துத் தீனியையே ஊட்டினார். அண்டைப் பண்ணையில் கோமாரி பரவியபோது, அவருடைய எருதுகள் வேலியோரம் நோயுற்ற மாடுகளோடு மூக்கு உரசியும் நோய் காணவில்லை. இதனை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லி வந்தார். ஆனால் வேறு தீனி தின்ற எருதுகளை அதே வேலியோரம் நிறுத்திப் பார்த்தாரா? இல்லை. அறிவியல் மாணவன் இவ்விடத்தில் சற்றுத் தயங்கத்தான் வேண்டும்.

1924-இல் இந்தூரில் பருத்தி ஆராய்ச்சிக்கென எழுந்த பயிர்த்தொழில் நிலையத்தின் தலைவரானார். ஏறத்தாழ 300 ஏக்கர் நிலம் அவர் கைக்கு வந்தது. இந்தூர் முறை என உலகம் அறிந்த மக்கு எரு இங்கேதான் பிறந்தது. முப்பது அடி நீளம், பதினான்கு அடி அகலம், இரண்டடி ஆழமுள்ள குழிகள். அவற்றில் பயிர்க் கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் எனப் படலம் படலமாக இடுவார்கள். கடினமான பருத்திமாறு எளிதில் மக்காது. அதனைப் பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டால் வண்டிச் சக்கரங்களே நொறுக்கித் தந்துவிடும்! குவியலை மும்முறை புரட்டினால் மூன்று மாதத்தில் எரு ஆயத்தம். தொடக்கத்தில் உள்ளே வெப்பம் 65 டிகிரி செல்சியசு அளவுக்கு ஏறும். சீன உழவர் வழக்கத்திலிருந்தும் அவர் கற்றுக்கொண்டார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய அறிஞருடன் சேர்ந்து 1931-இல் இதனை நூலாக வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டே கேப்ரியேல் மறைந்துவிட்டார். ஹோவர்டும் இந்தியாவை விட்டு நீங்கினார்.

எரு ஏன் பயிருக்கு நலம் தருகிறது என்ற வினாவே எஞ்சிய ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டது. மேபல் ரேனர் என்ற அம்மையார் இங்கிலாந்தின் வேர்ஹம் காட்டில் பைன் கன்றுகளின் வேரையும் அதனோடு கூடி வாழும் பூஞ்சையையும் ஆராய்ந்து வந்தார். மக்கு எரு இட்ட இடத்தில் அந்தக் கூட்டுறவு தழைத்தது. ஹோவர்டுக்கு இது பெரிய திறவுகோலாகத் தோன்றியது. இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி வேர்களைத் தேடினார். மண்ணின் மட்கையும் பயிரின் வேரையும் இணைக்கும் உயிர்ப்பாலம் இந்தப் பூஞ்சையே என்று 1940-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். வேர் இப்பூஞ்சையைச் செரித்துப் புரதம் பெறுகிறது என்றும், செயற்கை உரம் இந்தப் பாலத்தை அறுத்துவிடுகிறது என்றும் கொண்டார்.

இதில் எது நின்றது, எது வீழ்ந்தது? மைக்கோரைசா என்றும் வேர் உட்பூசணம் என்றும் நாம் கூறும் இப்பூஞ்சை, வெங்காயம், தக்காளி, மிளகாய், கத்தரி முதலியவற்றின் வேரறைக்குள் புகுந்து சிறு மரம்போல் கிளைக்கிறது. மண்ணிலிருந்து பாசுவரமும் துத்தநாகமும் கொண்டுவந்து தந்து, செடியிடமிருந்து சர்க்கரை பெறுகிறது. வேர்த்தூவி குறைந்த வெங்காயத்திற்கு இந்தத் துணை மிகுதியும் வேண்டும். பாசுவர உரத்தை அளவு மீறி இட்டால், செடி தானே இந்தப் பங்காளியைக் குறைத்துக்கொள்கிறது; அடிக்கடி ஆழ உழுதால் பூஞ்சையிழைகள் அறுபடுகின்றன. ஆகவே பயிரிடும் முறை வேருக்குள் இருப்பவற்றை மாற்றுகிறது என்ற ஹோவர்டின் அடிப்படைக் கருத்து நின்றது. புரதம் பற்றிய அவர் விளக்கம் நிற்கவில்லை. மேலும், பாசுவரம் மிகுந்த சாண எருவைக் கொட்டிக்கொண்டே இருந்தாலும் அதே விளைவு நேரும். முட்டைக்கோசு, முள்ளங்கி, பீட்ரூட், பாலக்கீரை இவற்றின் வேர்களோ பொதுவாக இந்தப் பூஞ்சையை ஏற்பதே இல்லை! எல்லா நலத்திற்கும் இது ஒன்றே வாயில் என்றால் முட்டைக்கோசின் கதி என்ன?

பூஞ்சை மட்டுமன்று, பாக்டீரியாக்களும் செடிக்குள் வாழ்கின்றன. கிளைவேர் வெடித்து வெளிவரும் இடுக்கு, இலைத்துளை, காயம், விதை இவையே அவற்றின் வழிகள். இயற்கை முறையில் விளைந்த ஆப்பிளிலும் பிற ஆப்பிளிலும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே, பழத்திற்குப் பத்துக் கோடி. ஆனால் முன்னதில் வகைகள் மிகுதி என்று ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு 2019-இல் கண்டது. அந்த வேறுபாட்டால் உண்பவர் உடல்நலம் கூடும் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. நலந்தரும் உயிர்கள் நுழையும் வழியில் நோய்தரும் உயிர்களும் நுழையலாம். மக்காத பச்சைச் சாணம் இட்ட நிலத்துக் கீரையினுள் அத்தகைய பாக்டீரியா புகுந்துவிட்டால், மேலே கழுவுவதால் மட்டும் அது நீங்காது. குழியின் வெப்பமும், வெளிப்புறம் உட்புறமாகப் புரட்டும் முறையும் எவ்வளவு இன்றியமையாதன என்பது இப்போது புலப்படுகிறதன்றோ?

1934-இல் சர் பட்டம் பெற்ற ஹோவர்டு, இறுதிவரை ஆராய்ச்சி நிலையங்களோடு பூசலிட்டார். சிறு பாத்திகளும் புள்ளிக் கணக்கும் வயலின் உண்மையைக் காட்டமாட்டா என்று ரோதாம்ஸ்டெட் நிலையத்தையே சாடினார். தம் கொள்கையை மெய்ப்பிக்கக்கூடிய ஒப்பீட்டு வயலை அவர் அமைக்கவில்லை என்பதே என் வருத்தம். அப்பணியை 1939-இல் ஈவ் பால்ஃபர் என்ற அம்மையார் இங்கிலாந்தின் ஹாலி என்ற ஊரில் தொடங்கினார். இருவகைப் பண்ணைகளும் அருகருகே பல்லாண்டுகள் நடந்தன.

ஹோவர்டு 1947 அக்டோபர் 20-ஆம் நாள் காலமானார். கேப்ரியேலுக்குப்பின் அவர் மணந்துகொண்டவர் கேப்ரியேலின் தங்கை லூயிஸ். கணவரும் தமக்கையும் இந்தியாவில் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1953-இல் நூலாக வெளியிட்டவர் இவரே.