இறந்த தசையை அசைத்தவர்

விற்றமின் சீயைக் கண்டறிந்தவர் என்றுதான் அல்பேர்ட் சென்ற் ஜோர்ஜியை நம் பாடப்புத்தகங்கள் அறிமுகப்படுத்துகின்றன. எனக்கு அவரைப் பிடித்தது தசைக்காக.

1893இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது முதலாம் உலகப்போர் வந்தது. போர்முனையில் கண்டதெல்லாம் வெறுத்துப்போய், 1916இல் தன் கையிலேயே சுட்டுக்கொண்டு, எதிரியின் குண்டு என்று சொல்லி வீடு திரும்பினார். கோழைத்தனம் என்கிறாள் என் தோழி. நான் அப்படி நினைக்கவில்லை. அதே மனிதர்தான் 1943இல், ஹங்கேரி ஹிட்லரின் பக்கம் நின்ற காலத்தில், விரிவுரை செய்யப் போவதாகக் காட்டிக்கொண்டு இஸ்தான்புல் சென்று நேச நாட்டவருடன் இரகசியமாகப் பேசினார். விஷயம் ஜேர்மனியருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு போர் முடியும்வரை தலைமறைவு வாழ்க்கை. உயிருக்குப் பயந்தவர் இதைச் செய்வாரா?

செகெட் நகரில் பேராசிரியராக இருந்தபோது, அவ்வூர் மிளகாயிலிருந்து விற்றமின் சீயை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தோடு ஓய்ந்திருக்கலாம். அவரோ தசையின் பக்கம் திரும்பினார்.

முயலின் தசையை அரைத்து உப்புக் கரைசலில் இருபது நிமிடம் வைத்தால் நீர்த்த திரவம் வந்தது. இரவு முழுக்க வைத்தால் கொழகொழவென்று தடித்தது. ஏன் இந்த வித்தியாசம்? இரண்டாவதில் மயோசினோடு இன்னொரு புரதமும் கலந்திருந்தது. அவருடைய ஆய்வுகூடத்தில் ஸ்ட்ராப் என்ற இளைஞர் அதைப் பிரித்தெடுத்தார். அதுதான் அக்தின். இரண்டும் சேர்ந்த கலவையை நூலாக இழுத்து, கொதிக்கவைத்த தசைச்சாற்றை அதில் விட்டதும் நூல் சட்டென்று சுருங்கியது. சாற்றிலிருந்த ஏ.ரீ.பீயின் வேலை அது. உடலுக்கு வெளியே, கண்ணாடிப் பாத்திரத்தில், உயிரில்லாத நூல் அசைந்தது! மயோசின் மட்டும் இருந்த நூல் அசையவில்லை.

ஏ.ரீ.பீ சுருங்குவதற்கு மட்டுமல்ல, பிடியை விடுவதற்கும் வேண்டும் என்பது பின்னர் தெளிவானது. அது தீர்ந்தால் மயோசின் அக்தினைப் பிடித்தபடியே நின்றுவிடும். ஜனாஸா விறைப்பது இதனால்தான். மௌத்தானதும் மூட்டுக்களை மெல்ல அசைத்துவிட வேண்டும் என்று என் உம்மும்மா சொல்வதன் காரணம் உயிரியல் வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது.

ஓட்டப்போட்டியில் கால் சோர்வது வேறு கதை. அங்கே ஏ.ரீ.பீ முற்றாகத் தீர்வதில்லை. பொசுபேற்று தேங்கி, கல்சியம் அயன் வெளிவருவது குறைந்து, தசை முன்கூட்டியே தளர்ந்துவிடுகிறது. எல்லாப் பழியையும் இலக்டிக் அமிலத்தின் மேல் போடுவது பழைய பழக்கம்.

1947இல் அவர் அமெரிக்கா போய் வூட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் குடியேறினார். கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் பாதுகாத்த முயல் தசைநார், பல நாட்களுக்குப் பின்னும் ஏ.ரீ.பீ பட்டவுடன் சுருங்குவதை 1949இல் காட்டினார். முதுமையில் புற்றுநோய் ஆய்வில் இறங்கினார். அதில் பெரிதாக வெற்றி கிட்டவில்லை. ஆனாலும் விடவில்லை. 1986 ஒக்டோபர் 22இல், 93ஆவது வயதில், அதே ஊரில் காலமானார்.