போஸ்பாரா ஒழுங்கையில் ஓர் ஆசிரியை: சகோதரி நிவேதிதை

நம்மில் அநேகர் நிவேதிதை அம்மையாரின் பெயரை முதன்முதலாகக் கேட்டது தமிழ்ப் பாட வேளையிலேதான். பாரதியாரின் வரலாற்றைப் படிப்பிக்கும்போது, அவருடைய ஞானகுரு என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி ஒன்றிரண்டு வரி வரும். பரீட்சைக்கு அந்த அளவு போதுமானதாக இருந்தது. அந்த அம்மையாரும் நம்முடைய ஆசிரியைகளைப் போலக் கரும்பலகைக்கு முன்னே நின்றவர், மாணவிகளைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கியவர், மாத முடிவில் காசு போதாமல் கணக்குப் பார்த்தவர் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. பெண்கள் பாடசாலையொன்றின் நூற்றாண்டு மலரிலே அவரை அந்தக் கோலத்தில் நினைவுகூர்வது பொருத்தமென்று நினைக்கிறேன்.

மார்கரட் எலிசபெத் நோபிள் 1867 ஒக்டோபர் 28 அன்று வட அயர்லாந்தின் டங்கானன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் கிறிஸ்தவ மதகுரு. ஏழைகளிடையே உழைத்து உடல் நலிந்து, மகளுக்குப் பத்து வயதாகும்போதே காலமானார். மார்கரட் பதினேழு வயதில் ஆசிரியையானார். றெக்சம் என்ற சுரங்கப் பட்டினத்தில் படிப்பித்த காலத்தில், பாடசாலை விட்டபின் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களிடையே சேவை செய்யப் போவார். பிள்ளைகளை அடித்தும் மனனம் செய்வித்தும் படிப்பிக்கும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. பெஸ்டலோசி, புரொபெல் ஆகியோரின் வழியைக் கற்று, இலண்டனில் விம்பிள்டன் பகுதியில் சொந்தமாக ஒரு பாடசாலை தொடங்கினார்.

1895 நவம்பரில், இலண்டனில் ஒரு பிரபுவின் இல்லத்தில் சுவாமி விவேகானந்தரின் பேச்சைக் கேட்டார். கேட்டவுடன் மயங்கிவிடவில்லை. எதிர்க் கேள்விகள் கேட்டார், பல நாள் வாதாடினார். இந்தியப் பெண்களின் கல்விக்காக ஒருவர் வேண்டுமென்று சுவாமிகள் சொன்னபோதுதான் தம் வேலை எதுவென்று அவருக்குத் தெரிந்தது. சுவாமிகள் மேலைநாட்டிலிருந்து திரும்பிக் கொழும்பிலே இறங்கி, யாழ்ப்பாணமும் வந்து போன 1897ஆம் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, ஜனவரி 28 அன்று மார்கரட் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கினார். இரண்டு மாதத்தில் பிரமசரிய தீட்சையும் நிவேதிதை என்ற பெயரும் கிடைத்தன. இறைவனுக்கு அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அதன் பொருள்.

பெயர் மாறியது போல மனம் உடனே மாறவில்லை. தீட்சை பெற்ற பிறகும் அவர் பிரித்தானியக் கொடிமீது பற்றுள்ளவராகவே இருந்தார். அதை அறிந்த சுவாமிகள் அல்மோராவில் தங்கியிருந்த வாரங்களில் அவருடைய ஒவ்வொரு முன்முடிவையும் ஈவிரக்கமின்றி உடைத்தார். அந்த நாட்களின் வேதனையை அவரே பின்னர் எழுதி வைத்திருக்கிறார். குருவின் புகழ்ச்சியை மட்டும் எழுதிவிட்டுத் தாம் பட்ட அவமானத்தை மறைக்காதது அவருடைய நேர்மை.

அவர் குடியேறிய பாக்பஜார் கல்கத்தாவின் வடபகுதி. ஆசாரம் மிகுந்த இடம். வெள்ளைக்காரப் பெண் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டாத வீடுகள். ஆனால் அன்னை சாரதாதேவியார், தாமே வைதிக ஆசாரத்தில் வளர்ந்த பிராமணக் கைம்பெண்ணாக இருந்தும், அவரை மகளென ஏற்று அவருடன் இருந்து உணவு உண்டார். இது சுவாமிகளுக்கே வியப்பாக இருந்ததாம். அதன்பின் அயல் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1898 நவம்பர் 13, காளி பூசை நாளன்று, போஸ்பாரா ஒழுங்கையில் 16ஆம் இலக்க வீட்டில் அன்னையார் பாடசாலையைத் தொடக்கி வைத்தார்.

சில மாதங்களில் நகரத்தில் பிளேக் நோய் பரவியது. 1899 மார்ச்சில் இராமகிருஷ்ண மிஷன் அமைத்த நிவாரணக் குழுவுக்கு நிவேதிதை செயலாளர். சேரி ஒழுங்கைகளைத் துப்புரவு செய்ய ஆள் கிடைக்காத ஒரு நாள் தாமே துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். பார்த்து நின்ற இளைஞர்கள் வெட்கி அதை வாங்கிக்கொண்டனர். மருத்துவர் இராதாகோவிந்த கர் சொல்லியிருக்கும் சம்பவம் இன்னும் கனமானது. பாக்பஜார்ச் சேரியில் நோய் கண்ட ஒரு குழந்தையை அவர் காலையில் பார்த்தார். தாயில்லாப் பிள்ளை, பிழைக்கும் நம்பிக்கை குறைவு. அவர் வீடு திரும்பியபோது அங்கே நிவேதிதை காத்திருந்தார், விபரம் கேட்டார். நோய் தொற்றும், கவனமாயிருங்கள் என்று மருத்துவர் எச்சரித்தார். பிற்பகல் மறுபடி அந்தக் குடிசைக்குப் போனபோது, ஈரம் கசியும் அந்த மண் வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மையார் இருந்தார். தம் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளி இருந்த குடிசைக்குச் சிறிய ஏணியொன்றில் ஏறித் தாமே சுண்ணாம்பு அடித்தார். இரண்டு நாளில் குழந்தை அவர் கைகளிலேயே இறந்தது. தாயென்று எண்ணி அவரைப் பற்றிக்கொண்டிருந்ததாம்.

பாடசாலையோ பணமின்றித் தள்ளாடியது. அதே ஆண்டு அதை மூடிவிட்டு, நிதி திரட்ட மேலைநாடு போனார். 1902 தொடக்கத்தில் திரும்பி வந்தார். அந்த ஜூலை 4 அன்று சுவாமிகள் மறைந்தார். இரண்டு வாரத்துக்குள் நிவேதிதை இன்னொரு இழப்பைத் தாமே ஏற்றார். தேச விடுதலைப் பணியில் இறங்கும் எண்ணத்தை அவர் விடவில்லை. மடமோ அரசியலில் ஈடுபடலாகாது என்பது விதி. ஆகவே தம் வேலை இனிச் சுதந்திரமானது என்று பத்திரிகையில் அறிவித்து மிஷனின் உறவை முறித்தார். குருவின் இல்லமாகக் கருதிய இடத்திலிருந்து குரு மறைந்த மாதத்திலேயே வெளியேறுவது எத்தனை கடினம்! ஆயினும் அன்னையாரிடமும் துறவியரிடமும் அவர் கொண்ட பாசம் கடைசிவரை குறையவில்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த சகோதரி கிறிஸ்டீன் தோள்கொடுக்க, பாடசாலை மீண்டும் நடந்தது. 1903இல் மணமான பெண்களுக்கும் விதவைகளுக்கும் தனிப் பிரிவு தொடங்கியது. தையல், சித்திரம், களிமண் உருவங்கள், வரலாறு எல்லாம் உண்டு. ஒருநாள் பாரதத்தின் அரசி யார் என்று வகுப்பில் கேட்டார். பிள்ளைகள் உற்சாகமாக விக்டோரியா மகாராணியின் பெயரைச் சொன்னார்கள். அம்மையாரின் முகம் வாடிவிட்டது. சீதையல்லவா உங்கள் அரசி என்று கற்றுக் கொடுத்தார். சுதேசி இயக்கம் வந்தபோது பாடசாலையில் இராட்டை சுழன்றது. வெளியே தடைசெய்யப்பட்ட வந்தே மாதரம் உள்ளே பாடப்பட்டது.

இரவீந்திரநாத் தாகூர் தம் மகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும்படி அவரைக் கேட்டார். வெளியிலிருந்து ஒரு பண்பாட்டை ஊற்றிப் பிள்ளையின் இயல்பை மறைக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஆங்கிலம் படிப்பிக்க மறுத்த ஆங்கில ஆசிரியை! ஆங்கிலத்துக்காகவே பாடசாலை தேடிய நம் பெற்றாரில் எத்தனைபேர் அவரிடம் பிள்ளையை அனுப்பியிருப்பார்களோ தெரியாது.

இந்தியா ஒரு தேசமே அல்ல, ஆங்கில ஆட்சிதான் அதை ஒன்றாக்கியது என்ற கூற்றை அவர் அடியோடு மறுத்தார். இமயத்திலிருந்து குமரிவரை நடந்த யாத்திரிகரின் பாதைகளும், மொழிக்கு மொழி சொல்லப்பட்ட இராமாயண பாரதக் கதைகளும் அந்த ஒற்றுமையை எப்போதோ நெய்துவிட்டன என்பது அவர் கட்சி. அபனீந்திரநாத் தாகூரின் பாரதமாதா ஓவியத்தைக் கண்டு, அதை அச்சிட்டு நாடெங்கும் ஒவ்வொரு குடியானவன் வீட்டுக்கும் கொடுக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். நந்தலால் போஸ் முதலிய இளம் ஓவியர்களை அஜந்தாவுக்குப் போகத் தூண்டியதும் அவரே. ஜகதீஸ் சந்திர போசின் விஞ்ஞான நூல்களைச் செப்பனிட்டுக் கொடுத்தார்.

ஒரு சிறு கதையையும் விட்டுவிட மனமில்லை. 1905 பெப்ரவரியில் வைஸ்ராய் கர்ஸன் பிரபு கல்கத்தாப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், உண்மை பேசுதலை மேலைநாட்டாரின் சிறப்பாக உயர்த்திக் கீழைநாட்டாரைத் தாழ்த்திப் பேசினார். நிவேதிதை நேரே போய்க் கர்ஸன் முன்பு எழுதிய பயண நூலைத் தேடியெடுத்தார். கொரியாவில் தம் வயது முப்பத்துமூன்றாக இருக்க, மரியாதைக்காக நாற்பதென்று சொன்னதைக் கர்ஸனே அதில் பெருமையாக எழுதியிருந்தார். பேச்சும் அந்தப் பகுதியும் அமிர்த பஜார் பத்திரிகாவில் பக்கம் பக்கமாக வெளிவந்தன. கல்கத்தா சிரித்தது.

1906இல் கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வந்தன. அதற்கு முந்திய ஆண்டுதான் அரசு வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. நிவேதிதை பாரிசால் பகுதிக்குப் போனார். அங்கே உழவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மற்றவர் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். அசுவினிகுமார் தத்தரின் நிவாரணத் தொண்டர்கள் வேலை செய்த கிராமங்களுக்கு வள்ளத்தில் போய், குடிசை குடிசையாக விசாரித்தார். திரும்பிவந்து எழுதியவை வெறும் இரக்கக் கட்டுரைகளல்ல. நெல் விளைந்த நிலத்தில் சணல் ஏறியது எவ்வாறு, காசுப் பயிரை நம்பிய குடியானவன் களஞ்சியம் வெறுமையானது எவ்வாறு என்று காரணத்தைத் தேடினார். தேச ஒற்றுமையைப் பற்றி மேடையில் முழங்கிய பலர் பாரிசால் வயல்களைக் கண்டதில்லை. அந்தப் பயணத்தில் பிடித்த மலேரியாக் காய்ச்சலிலிருந்து அவர் உடல் முற்றாக மீளவேயில்லை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியக் குடும்பப் பெண்ணின் வாழ்வை எழுதும்போது, அவர் அதன் அழகை மட்டும் கண்டு, அடைபட்ட பெண்ணின் பெருமூச்சைக் கேளாதது போல எழுதிய இடங்கள் உண்டு. அந்நியரின் ஏளனத்துக்குப் பதில் சொல்லும் வேகம் அது. ஆனால் நேரில் ஒரு கணவனைக் கண்டால் அவர் வேறுவிதமாகப் பேசினார். காங்கிரஸ் மாநாட்டுக்காக வடக்கே சென்ற பாரதியார் அவரைச் சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்பதே கேள்வி. எங்கள் வழக்கமில்லை என்று பதில் வந்தது. சரிபாதியை வீட்டில் அடைத்துவிட்டு நாட்டுக்கு விடுதலை தேடுகிறீர்களா என்று கடிந்துகொண்டார். சாதி வேற்றுமையையும் விடச் சொன்னார். 1908இலும் 1909இலும் வெளிவந்த ஸ்வதேச கீதங்கள், ஜன்மபூமி ஆகிய நூல்களைப் பாரதியார் அவருக்கே சமர்ப்பித்தார். சந்திப்பு ஒரு நாழிகையோ இரண்டு நாழிகையோ இருக்கலாம். அதன் பலனைத் தமிழ்ப் பெண்கள் இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

1911 ஒக்டோபரில் போஸ் தம்பதியருடன் டார்ஜிலிங் போயிருந்தவர் வயிற்றுளைவு நோயில் விழுந்தார். முடிவு தெரிந்ததும் உயில் எழுதினார்: தம்மிடமிருந்த பணமும் நூல்களால் வரும் வருவாயும் இந்தியப் பெண்களின் கல்விக்கு. அதை நடத்தும் பொறுப்பை, ஒன்பது ஆண்டுக்கு முன் தாம் பிரிந்துவந்த பேலூர் மடத்தாரிடமே ஒப்படைத்தார். ஒக்டோபர் 13 காலையில் உயிர் பிரிந்தது. நாற்பத்துநாலு வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. இமயத்தின் அடிவாரத்தில் இந்து முறைப்படி தகனம் நடந்தது. பாடசாலை அவர் பெயரால் இன்றும் பாக்பஜாரில் நடக்கிறது. 1917இல் ஜகதீஸ் சந்திர போஸ் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்தபோது, விளக்கேந்திய பெண்ணுருவமொன்றை அவர் நினைவாக அங்கே அமைத்தார்.

அவர் எழுதி முடிக்காத புத்தகமொன்று மேசையிலே கிடந்தது. இந்துக்கள், பௌத்தர்கள் ஆகியோரின் புராணக் கதைகளைப் பற்றியது. அதை நிறைவு செய்யும் பணி, நம் நாட்டவரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியிடம் வந்தது. அபனீந்திரநாத்தின் மேற்பார்வையில் வரையப்பட்ட வண்ணப் படங்களோடு 1913இல் அது வெளிவந்தது. முகப்பிலே இருவர் பெயரும் இருக்கின்றன.