ஒரு எஞ்சின் நின்றாலும்: டொனால்ட் டக்ளஸ்

டகோட்டா விமானத்தைக் கேள்விப்படாதவர் நம் மெக்கானிக்கல் கும்பலில் இருக்க முடியாது. 1947 அக்டோபர் 27 அன்று நம் படையை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியது அதுதான். ஆனால் அதைச் செய்த மனுஷனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டொனால்ட் டக்ளஸ் 1892-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கடற்படை அகாடமியில் சேர்ந்தாலும் மனசெல்லாம் ஆகாயத்தில். 1912-ல் விலகி, எம்.ஐ.டி.யில் நாலு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார். (அரியர்ஸ் உள்ள ஜூனியர்கள் மன்னிக்கவும்!) 1920-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு முடிதிருத்தும் கடையின் பின்னறையில் தொழில் ஆரம்பித்தார். 1924-ல் முதன்முதலாக உலகைச் சுற்றி வந்தவை இவருடைய விமானங்களே.

1931-ல் கான்சாஸில் டி.டபிள்யூ.ஏ.யின் ஃபாக்கர் விமானம் விழுந்து 8 பேர் இறந்தார்கள். எஞ்சின் மூன்று இருந்தும் என்ன பயன்? மர இறக்கையின் பசை ஈரத்தில் விட்டுப்போயிருந்தது. மறு வருடம் அந்தக் கம்பெனி, மூன்று எஞ்சினுடன் உலோக விமானம் வேண்டுமென்று எழுதியது. இரண்டே போதும் என்றது டக்ளஸ் குழு. அப்படியானால் எங்கள் விமான நிலையம் எதிலிருந்தும், முழு லோடோடு, ஒரே எஞ்சினில் மேலே ஏறிக் காட்டணும் என்று கம்பெனியின் ஆலோசகர் லிண்ட்பெர்க் பிடிவாதம் பிடித்தார்.

இது லேசான விஷயமில்லை. மாட்டுவண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும் அல்லவா? விமானமும் அப்படித்தான். வால் சுக்கான் அதைத் தடுக்க, போதிய வேகம் வேண்டும். வேகம் குறைந்தால் ஓடுகிற எஞ்சினே எமன்.

1933 ஜூலை 1. டி.சி.-1 முதன்முறை பறந்தது. மூக்கைத் தூக்கினால் எஞ்சின் இரண்டும் திணறும். தாழ்த்தினால் உயிர் வரும். பைலட் கார்ல் கவர் எப்படியோ பத்திரமாக இறக்கிவிட்டார். குற்றவாளி கார்புரேட்டர் மிதவை. திசை மாற்றிப் பொருத்தியதும் சரியாயிற்று. பிறகு சுமார் 4,900 அடி உயரத்திலுள்ள வின்ஸ்லோவில், டேக்-ஆஃப் ஓட்டத்திலேயே ஒரு எஞ்சினை அணைத்தார்கள். விமானம் மற்றதை வைத்தே ஏறி, ஆல்புகர்க்கி வரை போய்ச் சேர்ந்தது.

அதன் வாரிசு டி.சி.-3, 1935 டிசம்பர் 17-ல் பறந்தது. ராணுவ வகைகளையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல் செய்தார்கள். நம்ம டகோட்டாவும் அதே ராணுவ வகைதான். கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை என்பதால் உடம்பு சீக்கிரம் களைக்காது. ஆனால் துரு பிடிக்கும். அளவுக்கு மீறி லோடு ஏற்றினால் வின்ஸ்லோவில் காட்டிய வித்தையும் நடக்காது. இன்று அதை ஓட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

ஜெட் காலத்தில் பணமுடை. 1967-ல் கம்பெனி மெக்டொனலோடு இணைந்தது. டக்ளஸ் 1981 பிப்ரவரி 1 அன்று, 88 வயதில் காலமானார். 2018-ல் புதுப்பிக்கப்பட்ட ஒரு டகோட்டா, பரசுராமா என்ற பெயரோடு நம் விமானப்படைக்கு வந்து சேர்ந்தது.