முற்றுகையின் நடுவே ஒரு மேய்ப்பர்



ஆகஸ்ட் 28ஆம் திகதி திருச்சபை புனித அகுஸ்தீனாரை நினைவுகூருகின்றது. அவருடைய இளமைக்காலத் தடுமாற்றங்களையும், அன்னை மோனிக்கா சிந்திய கண்ணீரையும், 387ஆம் ஆண்டு மிலான் நகரில் புனித அம்புரோசியாரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றதையும் நீங்கள் அறிவீர்கள். ஆனால் அவர் எவ்வாறு இறந்தார் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

354ஆம் ஆண்டு வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரில் பிறந்த அகுஸ்தீனார், 391இல் ஹிப்போ நகரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சில ஆண்டுகளில் அந்நகரின் ஆயரானார். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள அக்கடற்கரை நகரே இறுதிவரை அவரது பணித்தளமாயிற்று.

410இல் உரோமை நகர் அலாரிக்கின் படைகளிடம் வீழ்ந்தபோது உலகமே கலங்கியது. பழைய தெய்வங்களைக் கைவிட்டதே அழிவுக்குக் காரணம் எனப் பலர் பழித்தனர். அதற்கு மறுமொழியாக அவர் 'கடவுளின் நகர்' என்னும் நூலை 22 பாகங்களில் எழுதினார். மனிதர் கட்டும் நகர்கள் அழியலாம். இறையன்பின்மீது எழும் நகர் அழியாது என்பதே அதன் சாரம்.

எழுதியதை வாழ்ந்து காட்டும் வேளையும் வந்தது. 429இல் கெய்சரிக் மன்னனின் தலைமையில் வண்டாலர்கள் ஸ்பெயினிலிருந்து ஆபிரிக்காவிற்குள் நுழைந்தனர். ஆயர்கள் தப்பியோடலாமா எனக் கேட்ட ஆயர் ஒனோராத்துசுக்கு அகுஸ்தீனார் மடல் வரைந்தார். திருவருட்சாதனங்களை நாடும் மக்கள் எஞ்சியிருக்கும்வரை அவர்களைப் பணியாளரின்றித் தவிக்க விடலாகாது என்று அதில் அறிவுறுத்தினார்.

430ஆம் ஆண்டு ஹிப்போவும் முற்றுகையிடப்பட்டது. அகதிகளாலும் அடைக்கலம் தேடிய ஆயர்களாலும் நகர் நிறைந்தது. 75 வயது முதியவரான அகுஸ்தீனார் அதை விட்டகலவில்லை. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. தவத் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் பதிக்கச் செய்து, படுத்தவாறே அவற்றை வாசித்துக் கண்ணீர் சிந்தினார். தம் பாவங்களுக்காக மனம் வருந்தியபடியே ஆகஸ்ட் 28ஆம் நாள் இறையடி சேர்ந்தார். உயில் எழுத அவரிடம் சொத்தேதும் இருக்கவில்லை. ஆலய நூலகத்தைப் பாதுகாக்குமாறு மட்டும் வேண்டியிருந்தார்.

முற்றுகை ஏறத்தாழ 14 மாதங்கள் நீடித்தது. பின்னர் மக்கள் வெளியேற, நகர் தீக்கிரையாயிற்று. ஆனால் அவருடைய நூல்கள் தப்பின; இன்றும் திருச்சபையை வளப்படுத்துகின்றன.

அன்பர்களே! நோயும் கடனும் மனக்கசப்பும் நம் இல்லங்களை முற்றுகையிடும் நாட்கள் உண்டு. அவ்வேளைகளில் நாம் விலகிச் செல்கிறோமா, உடனிருக்கிறோமா? அகுஸ்தீனாரால் நகரைக் காப்பாற்ற இயலவில்லை. ஆயினும் தம் மக்களைக் கைவிடவில்லை. நம் உறவுகளும் நம்மிடம் எதிர்பார்ப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். உடனிருக்கும் அந்த அருளை அவருடைய பரிந்துரையால் இறைவனிடம் கேட்போம்.