விவிலியத்தில் ஒரு வசனம் பெற்ற மன்னர்

யூதாவை எசேக்கியா ஆண்ட காலம். கி.மு. 701இல் அசீரிய மன்னர் சனகெரிபு பெரும் படையோடு வந்து எருசலேமை அச்சுறுத்தினார். அந்த இக்கட்டில், எத்தியோப்பிய மன்னர் ஒருவர் அசீரியரை எதிர்க்கப் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தி வந்தது. அரசர்கள் இரண்டாம் நூல் 19ஆம் அதிகாரமும் எசாயா 37ஆம் அதிகாரமும் ஒரே வசனத்தில் சொல்லிச் செல்லும் அந்த மன்னரே தகார்க்கா.

விவிலியம் இங்கே எத்தியோப்பியா என்பது இன்றைய சூடானின் வடபகுதியில் இருந்த கூசு நாட்டை. தகார்க்காவின் தந்தை பியே, எகிப்தை வென்ற கறுப்பின மன்னர். எருசலேம் முற்றுகையின்போது தகார்க்கா இளவரசர்தான், கி.மு. 690இல்தான் அரியணை ஏறினார். இளமையிலேயே தம்மைப் பிரிந்து எகிப்து சென்ற மகனை மன்னராகக் காண, அவருடைய தாய் கூசிலிருந்து நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தார். இதைத் தகார்க்காவே கல்லில் பொறித்து வைத்தார்.

ஆட்சியின் ஆறாம் ஆண்டில் நைல் நதி பெருகி வயல்களை நிரப்பியது. நாடு செழித்தது. கார்னாக்கில் அவர் எழுப்பிய பெருந்தூண்களுள் ஒன்று இன்றும் முழுமையாக நிற்கிறது.

ஆனால் அசீரியா மீண்டும் வந்தது. கி.மு. 671இல் சனகெரிபின் மகன் எசர்கதோன் மெம்பிசு நகரைக் கைப்பற்றினார். தகார்க்கா தப்பினார், அவருடைய மனைவியரும் பட்டத்து இளவரசரும் சிறைப்பட்டனர். எசர்கதோனின் வெற்றிக் கல்லில் கயிற்றால் கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் சிறிய உருவம் அந்த மகனே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். மெம்பிசை ஒருமுறை மீட்ட தகார்க்கா அதை மறுபடியும் இழந்து, கி.மு. 664இல் இறந்தார். சூடானின் நூரியில் உள்ள பெரிய பிரமிடே அவரது கல்லறை.

அன்புக்குரியவர்களே, பிறர் நகரைக் காக்கப் புறப்பட்டவரால் தம் மகனைக் காக்க முடியவில்லை. எகிப்தின் குதிரைகளையும் தேர்களையும் நம்ப வேண்டாம் என்று எசாயா எச்சரித்தது இதனால்தான். எருசலேமை மீட்டவர் ஆண்டவரே என்று விவிலியம் உறுதியாகச் சொல்கிறது. ஆயினும் துணைக்குப் புறப்பட்ட அந்த வேற்றினத்தாரின் பெயரை அது மறைக்கவில்லை. பிறருக்காக நாம் எடுத்து வைக்கும் அடியையும் இறைவன் மறப்பதில்லை.

தகார்க்காவின் மண்ணில் 2023 ஏப்ரலில் மூண்ட போரால் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். பிள்ளைகளைத் தேடும் அந்நாட்டுப் பெற்றோரை இன்று நம் மன்றாட்டில் நினைவுகூர்வோம்.