கொல்லிமலையின் நல்லாசிரியர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

ஆசிரியர் சொன்னதைக் குழந்தை மறந்துவிடலாம். அவர் நடந்துகொண்டதை மறப்பதில்லை. இதற்குச் சான்றாகக் கொல்லிமலையில் வாழ்ந்து மறைந்தவர் ஜெஸ்ஸி பிராண்ட் ஆவார்.

இங்கிலாந்து நாட்டினரான இவர் கட்டடத் தொழில் அறிந்தவர். சிறிது மருத்துவமும் பயின்று, 1907இல் சமயப்பணியாளராகத் தமிழகம் வந்தார். 1913இல் ஈவ்லின் அம்மையாரை மணந்து, வல்வில் ஓரி ஆண்ட இம்மலையில் குடியேறினார். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிக் கீழ்நாட்டார் ஏறத் தயங்கிய காலம் அது. வாழவந்தி நாட்டில் மரவீடு அமைத்துத் தங்கினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார், பள்ளிகள் திறந்தார், தச்சும் நெசவும் பட்டுப்புழு வளர்ப்பும் கற்பித்தார். அவரை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர், இன்புளுயன்சா காய்ச்சலில் சாகும் தறுவாயில், தம் பெண் குழந்தையை அவரிடமே ஒப்படைத்தார். அவரது நடத்தைக்குக் கிடைத்த நற்சான்று இதுவன்றோ!

1914இல் பிறந்த மகன் பாலுக்கு வீடே பள்ளி. தாய் கொடுத்த கணக்கை மரக்கிளையில் அமர்ந்து போடுவான். தந்தை கறையான் புற்றைத் திறந்து அதன் அமைப்பை விளக்குவார். ஒருநாள் தொழுநோயாளர் மூவர் வந்தனர். தந்தை புண்களைக் கழுவிக் கட்டினார். ஆனால் என்றுமில்லாமல் கையுறை அணிந்திருந்தார். அவர்கள் இருந்த இடத்தை மிதிக்கவும் பிள்ளைகளுக்குத் தடை. பரிவு, அச்சம் இரண்டையும் சிறுவன் ஒருசேரப் பார்த்தான்.

1923இல் பால் படிப்பிற்காக இங்கிலாந்து சென்றான். 1929இல் கருநீர்க் காய்ச்சல் கண்டு தந்தை மலையிலேயே இறந்தார். மகன் தந்தையைப் போலவே முதலில் கட்டடத் தொழில் கற்று, பின்னர் மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். குணமானவர்களுக்குத் தச்சுவேலையும் கற்பித்தார். தந்தையின் அச்சத்தை விட்டார், பரிவை விடவில்லை. ஈவ்லின் அம்மையாரோ முதுமையிலும் மலைமக்களிடையே உழைத்து, 1974இல் மறைந்து, கணவரின் அருகிலேயே அடக்கமானார்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம். தந்தையும் தாயும் எழுத்தறியாத வீட்டுப் பிள்ளைக்கு, படித்தவர் எப்படி இருப்பார் என்று காட்டும் முதல் மனிதர் அந்த ஆசிரியரே. அவர் முகம் சுளித்தால் அதையும், அருகில் அழைத்து அமர்த்தினால் அதையும் பிள்ளை கற்றுக்கொள்ளும். பாடநூலைத் திறக்குமுன் இதை நாம் நினைத்தல் வேண்டும்.